கதிர் சரியில்லை

டேப்பின் ஒரு முனையைச் சென்னப்பா பிடித்துக்கொள்ள
மறுமுனையோடு நான் பின்னால் நடந்தேன்.
முகப்பு நாற்பத்திரண்டு அடி. சுவர்க் கனம் இரண்டேகால்.
பழையபேட்டையில் இத்தனை தடித்த சுவர்
மலைக்கோட்டையை விட்டால் இந்தச் சாராயக் கம்பெனிக்குத்தான்.

'சாராயம் இல்லை மேடம், விஸ்கி'
என்றார் காவல்காரர் முனிரத்தினம்.
வித்தியாசம் தெரியாமலே மதிப்புப் போட
வந்துவிட்டாளே என்று ஒரு பார்வை.

சாலை அகலமாகிறது. கட்டடத்தில் பாதி போகும்.
பாதிக்கு என்ன விலை என்று நான் எழுதித் தர வேண்டும்.

பெங்களூரிலிருந்து டென்ஹாம் துரை
வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தானாம்.
பனி கொட்டும் ஊருக்கான செங்குத்துக் கூரை அதில்.
மேஸ்திரி அதன்மேல் மங்களூர் ஓடு வேய்ந்தான்.
குளிர்காய ஒரு புகைபோக்கி:
ஒருநாளும் புகைந்ததில்லை, புறா குஞ்சு பொரித்தது.
சுண்ணாம்பில் வெல்லமும் கடுக்காயும் போட்டு
இருபது நாள் புளிக்கவிட்டார்கள்.
பின்னால் வந்த மதுவிலக்குப் போலீஸ்
ஊர் ஊராய் ஊறலைத் தேடிப்போய்க் கவிழ்த்தது,
ஊறலால் பூசிய சுவருக்குள்
ஆபீஸ் வைத்துக்கொண்டு.

முப்பத்தேழில் அது. அப்போது நாம் சேலம் ஜில்லா.
பாதாள அறைப் பெட்டிகள் வண்டியேறி வடக்கே திரும்பின.
அதே பதினோரு படி, அதே பூட்டு,
பிடிபட்ட பானைகள் இறங்கின.
பிறகு ரேஷன். பிறகு பத்திரப் பதிவு.
பிறகு வெகுகாலம் யாருமில்லை, எருக்கு மட்டும்.
இப்போது டாஸ்மாக் குடோன்.
முனிரத்தினம் பெட்டி எண்ணுகிறார்.

மாடிப் பீரோவில் ஒரு கணக்கேடு,
தொட்ட இடமெல்லாம் உதிர்ந்தது.
'முகப்புச் சிற்பம். பார்லிக் கதிர் சரியில்லை.
கல்தச்சன் எர்ரய்யாவுக்கு ஐந்து ரூபாய் பிடித்தம்.'

வெளியே வந்து அண்ணாந்தேன்.
கம்பெனிப் பெயரைக் கொத்தி எடுத்த பள்ளத்துக்கு மேலே
ஒற்றைக் கதிர்.
பார்லிக்கு மீசை உண்டு. இதற்கில்லை.
விரல்கள் உள்நோக்கி மடங்கிய
கேழ்வரகு.

படம் காட்டினார்களா,
காட்டியும் கை கேட்கவில்லையா,
ஏட்டில் இல்லை.
பெயரைக் கொத்தச் சொன்ன அதிகாரி இதை விட்டுவைத்தார்;
விவசாய இலாகா முத்திரை என்று நினைத்திருக்கலாம்.
ரேஷன் நாட்களில் பையோடு வந்தவர்களுக்கு
'ராகி போட்ட கட்டடம்' என்றே வழி சொன்னார்களாம்.

படிவத்தில் 'அலங்கார வேலை' என்று ஒரு கட்டம்.
எண்ணிக்கை: ஒன்று. பொருள்: கருங்கல். நிலை: நன்று.
விலைக்கு வந்ததும் பேனா நின்றது.
சென்னப்பா டேப்பைச் சுருட்டியபடி,
'எங்க காட்டுல இப்ப இந்தப் பதம்தான் மேடம்,
இன்னும் பத்து நாள்ல அறுப்பு' என்றார்.

ஐந்து ரூபாய் என்று எழுதினேன்,
கூட்டலில் சேராதபடி
பென்சிலில்.