கால் முறிந்தவள்

தலைஞாயிறு பக்கம், புரட்டாசிக் கடைசி.
புயல் காப்பகத்தின் சிமெண்டுத் தரையில்
துண்டுச்சீட்டு குலுக்கிப் போட்டார்கள்.
எனக்கு வந்தது:
பெண். வயது நாற்பது. இடது கால் முறிவு. பேச்சு உண்டு.

பேச்சு உண்டு என்றதற்குத்தான்
எல்லாரும் சிரித்தார்கள்.

தீயணைப்பு நிலையத்து லூர்துசாமி
ஊதலை ஒருமுறை ஊதினார்.
காற்று வந்துவிட்டதென்று அர்த்தம்.
வெளியே ஓர் இலை அசையவில்லை.
ரோட்டில் பாதி அகலத்துக்குக் குறுவை நெல் காய்ந்தது.

வாய்க்கால் ஓரம் போய்ப் படுத்தேன்.
முதுகில் நெருஞ்சி.
தூக்க வந்தவர் பக்கிரிசாமி.
மதகுப் பலகையை யார் பிடுங்கியதென்று
மூன்று வருஷமாய்க் கோர்ட்டில்
எனக்கு எதிரே நிற்கிற அதே பக்கிரிசாமி.
அவர் சீட்டில் அப்படி வந்திருந்தது, பாவம்.

குனிந்தார்.
எங்கே பிடிப்பதென்று கை கொஞ்சம் தடுமாறியது,
பிறகு நெல்மூட்டைக்குக் கொடுப்பதுபோல்
அக்குளில் கொடுத்தது.

"மூட்டை இல்லைங்க, ஆளு.
மொதல்ல கேளுங்க, எங்க வலிக்குதுன்னு!"

வாய்தா நாட்களில்கூடப் பார்க்காத என் முகத்தைப்
பக்கிரிசாமி பார்த்தார்.
"எங்க வலிக்குது?"

பேச்சு உண்டு என்று எழுதியிருந்தும்
சட்டென்று எனக்கு ஒன்றும் வரவில்லை.

இரண்டு மூங்கில், இரண்டு கைலி: அதுதான் ஸ்ட்ரெச்சர்.
ஒரு கைலியில் தையல் விட்டிருந்ததை
வளர்மதி முன்னமே சொன்னாள். யார் கேட்டார்கள்?
பத்தாவது எட்டில் பொத்தென்று விழுந்தேன்.
இடுப்பு நிஜமாகவே வலித்தது.
லூர்துசாமி நோட்டில் எழுதிக்கொண்டார்:
கைலி. தையல்.

சாயங்காலம் பட்டியல்.
ஓட முடியாதவர்கள் யார் யார்?
மேலத்தெருவில் டயாலிசிஸ் ஒருவர்.
மாதா கோயில் தெருவில் ஏழு மாசம் ஒருத்தி.
காது கேளாத தையல்காரர் மணிவாசகம்
(மைக்கில் கத்திப் பயனில்லை,
போய்த் தோளைத் தொட வேண்டும்).
நாற்பத்தொன்றில் பேனா நின்றது.

"அறுத்த வயல்ல வாத்துக்காரங்க
கொட்டாய் போட்டிருக்காங்களே," என்றாள் வளர்மதி.

கதவெண்?
இல்லை.
ரேஷன் கார்டு?
விழுப்புரம் பக்கமாம்.
எத்தனை பேர்?
தெரியாது.
வாத்து ஆயிரத்து இருநூறு என்பது மட்டும்
எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

கஜா அடித்த மூன்றாம் நாள்
அரிசியும் தார்ப்பாயும் ஏற்றி வந்த லாரி
எங்கள் தெருமுனை வரை வந்து திரும்பியது.
தாளில் எங்கள் தெரு இல்லையாம்.
லாரியின் பின்விளக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.
அதை நான் அங்கே சொல்லவில்லை.
பேனாவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டேன்.

"என் வயல்தான். எண்ணிட்டு வரேன்,"
டார்ச்சோடு எழுந்தார் பக்கிரிசாமி.

குறுக்கு வழி அந்த மதகின் மேல்தான்.
அவர் தாண்டி அந்தப் பக்கம் நின்று
வெளிச்சத்தைப் பலகை இல்லாத இடத்தில் பிடித்தார்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நானும் தாண்டினேன்.
இருவரும் பலகையைப் பற்றிப் பேசவில்லை.

பெரியவர்கள் ஒன்பது.
பிள்ளைகள் நாலு.
கைக்குழந்தை ஒன்று,
பதினாறு நாள், இன்னும் பேர் வைக்கவில்லை.
வரி எண் ஐம்பத்தைந்தில்
குழந்தை என்று மட்டும் எழுதினேன்.

வருகிற பத்தொன்பதாம் தேதி வாய்தா.
இரண்டு பேரும் போகத்தான் வேண்டும்.