சீமாட்டியின் போலிஷ்

க்தான்ஸ்க் சந்தையில் பழைய புத்தகம்
உருளைக்கிழங்கு போல எடைக்குத்தான்.
நுக்சார் இரண்டு கிலோ வாங்கினான்,
எல்லாம் காதல் நாவல்கள்,
ஒன்றுக்கு அட்டையே இல்லை.

முதல் மாதம்
பக்கத்துக்கு நாற்பது சொல் தேடினான்.
பிறகு அகராதி
ஆடுகிற மேசைக்கு முட்டுக்கொடுக்கப் போனது.
தெரியாத சொற்களைத் தாண்டித் தாண்டி ஓடினான்,
சீமாட்டிக்குக் கடிதம் வந்ததா என்று.
விளக்கை அணைடா என்று
நான் ஜார்ஜிய மொழியில் கத்துவேன்.
இன்னும் ஒரே அத்தியாயம் என்பான்,
அதையும் போலிஷில்.

திருகாணி, வெல்டிங் கம்பி, ஓவர்டைம்
எதற்கும் அவனிடம் சொல் கிடையாது.
பெருமூச்சுக்கு மட்டும் ஆறு வைத்திருந்தான்.

நவம்பரில் பாதிக் கூலிதான் வந்தது.
மேஸ்திரி ஸ்வாவெக் முன்னால்
தலைக்கவசத்தை நெஞ்சில் அணைத்தபடி நின்றான்:
"ஐயா, தங்கள் வாக்கை நம்பி
என் இளமையை ஒப்படைத்தேன்.
இனி இவ்வாசலில் என் நிழலும் விழாது."

கப்பல் தளமே சிரித்தது.
கிரேன்காரன் கீழே இறங்கி வந்து
மறுபடி சொல்லச் சொன்னான்.
ஸ்வாவெக் கண்ணைத் துடைத்துக்கொண்டு
மீதியை எண்ணிக் கொடுத்தார்.

நூறு ஸ்லாட்டி குறைகிறது.
அதைக் கேட்கும் வசனம்
இரண்டாம் பாகத்தில் இருக்கும் என்கிறான்.
ஞாயிறுதோறும் சந்தையில் தேடுகிறோம்.