எச்சம்

பியெல்ஸ்கோ-பியாவா. பிப்ரவரி. இரவு ஒன்றேமுக்கால்.
மலையிலிருந்து ஹல்னி இறங்கிவிட்டது.
அந்தக் காற்று வீசும் நாட்களில்
ஊரில் தலைவலி மாத்திரை தீர்ந்துபோகும்,
ஒற்றுமையான தம்பதிகள் உப்புக்காகச் சண்டை போடுவார்கள்.
கிளைடர் தொழிற்சாலைக் கூரையில் ஒரு தகடு
மாலையிலிருந்து அடித்துக்கொண்டிருக்கிறது.

உள்ளே யாட்விகா கொச்சூர்
வேறொரு காற்றை எழுதுகிறாள்.

வேகம், நொடிக்கு முப்பத்தொரு மீட்டர்.
திசை, இடமிருந்து வலம்.
கொந்தளிப்பு, நூற்றுக்கு அரைக்கால்.
வெப்பம், பதினைந்து டிகிரி.
யாருக்கும் தலை வலிக்காத காற்று.

பைத்தான் அதிகம் கேட்பதில்லை.
உள்வரிகளுக்கு முன் நான்கு இடைவெளி,
திறந்த அடைப்புக்குறியை மூடும் மரியாதை.
ஒரு காற்புள்ளிக்காகத்தான்
அவள் இரவு உணவு ஆறிப்போனது.

மூக்கைப் பாகை பாகையாகத் தூக்கு,
கழித்தல் இரண்டிலிருந்து பதினாறு வரை.
ஒவ்வொன்றுக்கும் நாலாயிரம் முறை கணக்கிடு,
கோப்பில் எழுது, அடுத்ததற்குப் போ.
முப்பது லட்சம் கண் உள்ள வலை;
ஒரு கண்ணும் எதையும் பார்த்ததில்லை.

பதினான்காம் பாகையில் உடைந்தது.
திரை முழுக்க
நான் நான் நான் நான்
எண் அல்ல என்பதை இயந்திரம் சுருக்கிச் சொல்லும் விதம்.
தமிழில் படித்தால்
நள்ளிரவில் கதவைத் தட்டி
யாரென்று கேட்டதற்குப்
பெயர் சொல்லாமல் நிற்கும் ஒருவன்.

யாட்விகா போலிஷில் ஏதோ திட்டினாள்.
நேரப்படியைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினாள்.

இம்முறை கடைசிவரை போனது.
ஆனால் எழுப்புவிசை
எல்லாக் கோணத்திலும் பாதிதான்.

திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு,
சிவப்புப் பென்சில், காஸ்பெர் ட்ரோஸ்தின் கையெழுத்து:
"இறங்கும்போது எவ்வளவு மெதுவாகப் போகலாம்?"
காற்று ஓய்ந்தால் வியாழனன்று பறப்பது அவர்தான்.

மூன்று மணிவரை வலையைச் சந்தேகித்தாள்,
கொந்தளிப்பு மாதிரியை,
நியூட்டனைக்கூடக் கொஞ்சம்.
பிறகு இருபத்திரண்டாம் வரி.
இரு புறமும் ஒன்றுபோல்தானே என்று
ஒற்றைச் சிறகைத்தான் வரைந்திருந்தாள்.
பரப்பளவில் மட்டும் இரண்டும் இருந்தன.
வராத சிறகுக்கும்
இவ்வளவு நேரம் பந்தி போட்டிருக்கிறாள்.

பத்தரையை அழித்து
ஐந்தேகால் என்று அடித்தாள்.

இனி எச்சம் குறையவேண்டும்.
பறவை இடுவது அல்ல,
சமன்பாடு இன்னும் ஒப்புக்கொள்ளாத மீதி.

வெளியே தகடு பிய்ந்து
எங்கோ போய் விழுந்த சத்தம்.
எந்தக் கோப்பிலும் அதற்கு இடமில்லை.
காலையில் யார் காரின் மேல் கிடக்கும் என்று தெரியவில்லை.

ஆறிய பியெரோகியை நின்றபடியே தின்றாள்.
திரையில் கோடு
நடுங்கி, நெளிந்து,
ஒருமுறை மேலே எகிறி,
பிறகு இறங்கி
இறங்கி