சாக்கு விரித்த இடம்

கிசுமு ஆஸ்பத்திரியின் ஆய்வுக்கூடத்துக்கு ஒரே ஜன்னல்.
அது ஏரியைப் பார்க்காது.
ஜெனரேட்டரைப் பார்க்கும்.
காலையிலிருந்து நாற்பத்தொரு ஸ்லைடு.
ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், சிவப்பு,
குழாயடியில் ஓர் அலசல்.
எனக்குப் பெயர்கள் வருவதில்லை, எண்கள்தான்.
417-க்கு எட்டு மதிப்பெண்.
பள்ளியில் எட்டு வாங்கினால் நல்ல மாணவி.
இங்கே எட்டு என்றால்
ஊதாக் குச்சி ஒன்றுகூட மிச்சமில்லை.

கதவைத் தட்டாமல் வந்தாள் அபோண்டி.
கையில் ரசீது, 417.
டுங்கா கரையில் ஒமேனா விற்கிறவள்.
விரல் நீளம் இல்லாத வெள்ளி மீன்,
விரித்த வலைமேல் காய்வது.
"அஞ்சு மாசமா வாடை," என்றாள்.
"மீன்காரி வேற எப்படி இருப்பா-ங்கறாங்க.
புருஷனும் அதையே சொல்லி
முதுகைத் திருப்பிப் படுக்கிறான்.
எந்த மீன் எங்கேருந்து வருதுன்னு
எனக்குத் தெரியாதா?"

சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.
நல்லவேளை, அவளும்.

கழுவிய கதையை விரல் மடக்கிச் சொன்னாள்:
முதலில் குளிக்கிற சோப்பு,
பிறகு துணிக்குப் போடுவது,
பிறகு பக்கத்துக் கடைக்காரி தந்த கிருமிநாசினி,
வாளிக்கு ஒரு மூடி, உள்ளே வரைக்கும்.
கழுவின அன்று நிம்மதி.
மூன்றாம் நாள் முன்னைவிட மோசம்.

"காட்டு அதை."
விதிப் புத்தகத்தில் இதற்கு வரி இல்லை.
நாற்காலியை விட்டு எழுந்தேன்.
ஒற்றைக் கண்ணை மூட வராமல்
உள்ளங்கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.
அங்கே அவளுடைய உயிரணுக்கள்,
ரவையில் புரட்டிய மீன் துண்டுபோல்
மேலெல்லாம் பொடி அப்பி
விளிம்பு எதுவென்று தெரியாமல்.

ஒப்பிட இன்னொரு ஸ்லைடு வைத்தேன்.
வெட்டவெளி, தெளிந்த ஓரங்கள்,
அங்கங்கே தடித்த ஊதாக் குச்சிகள்.
பாலைப் புளிக்க வைக்கும் கூட்டத்துக்கு
இவை ஒன்றுவிட்ட சொந்தம்.
இவை புளிப்பைக் காக்கும்வரை
மற்றவை ஓரமாய் உட்கார்ந்திருக்கும்.
அந்த ஸ்லைடு என்னுடையது
என்று நான் சொல்லவில்லை.
அதற்கு அடுத்த வருடம் எனக்கும் எட்டு வந்ததை,
மாத்திரை முடிந்து
இரண்டு மாதத்தில் மறுபடி வந்ததை,
அதையும் சொல்லவில்லை.

"இதுல எது கெட்டது?"
நான் வார்த்தை தேடினேன். அவள் காத்திருக்கவில்லை.
"சந்தைக்கு ஒரு நாள் நான் போகலைன்னா
என் இடத்துல எவளாவது சாக்கு விரிச்சிடுவா.
அவ திருடி இல்ல. இடம் காலியா கெடந்துச்சு."
கொஞ்சம் நிறுத்தி,
"வாளியும் கையுமா நான்தானே
எங்க ஆளுங்களை விரட்டியிருக்கேன்."

எல்லாம் வாளியால் இல்லை என்றேன்.
சிலருக்குக் காரணமே பிடிபடாது.
சில உடம்பில் குச்சிகள் குறைந்தும்
ஒரு தொந்தரவும் இருக்காது.
இந்த இடத்தில் பாடப்புத்தகமே
குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

ஏழு நாள், தினம் இரண்டு மாத்திரை.
நாக்கில் பழைய நாணயம் நக்கின ருசி வரும்,
பாதியில் விட்டுவிடாதே.
ஆணுக்கும் சேர்த்து மருந்து கொடுத்தால்
திரும்ப வருவது குறைகிறது என்கிறார்கள் இப்போது.
"அவனுக்கா?"
ரசீதை நான்காக மடித்து
மார்புக்குள் செருகினாள்.
"முதல்ல அந்த முதுகு திரும்பட்டும்."

அவள் போனபின் பொட்டாஷ் துளியின் வாடை
மேசைமேல் கொஞ்ச நேரம் நின்றது.
பதிவேட்டில் எட்டு என்று எழுதினேன்.
அடுத்தது 418.

மாலை வீட்டில்,
குளியலறை அலமாரியில் இருந்த என் பாட்டிலை,
'அந்தரங்கப் புத்துணர்ச்சி, ரோஜா மணம்,'
எடுத்துக்கொண்டுபோய்ச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் வைத்தேன்.
எறியவில்லை.
விலை அதிகம் கொடுத்து வாங்கியது.
தரை துடைக்க ஆகும்.