நாற்பது லிட்டர் போசி

அனுப்பர்பாளையத்தில் தகடு தட்டும் சத்தம்
இரண்டு தெருவுக்கு முன்பே வந்து கூட்டிப்போகிறது.
"எத்தன பேருக்குங்?" என்கிறார் சென்னியப்பன்.
இங்கே பாத்திரத்தின் அளவு தலைக்கணக்கு:
ஐம்பது பேர் பிரியாணி, நூறு பேர் சாம்பார்,
ஒரு நோம்பி, ஒரு சீர்.

ரெண்டு பேருக்கு என்று எப்படிச் சொல்ல.
நானும் ரூபிணியும்
சாயப்பட்டறை லேபில் வாரமெல்லாம்
துணி ஒன்றுக்கு நீர் எட்டு என்று அளப்பவர்கள்.
ஞாயிறு மட்டும் பார்லி.

போன மாதம் இருபது லிட்டர் பீருக்கு
இருபது லிட்டர் குண்டா வைத்ததுதான் தப்பு.
ஹாப்ஸ் போட்டதும் நுரை எழுந்து
விளிம்பில் ஒரு நொடி யோசித்தது.
பிறகு யோசிக்கவில்லை.
அடுப்பு அணைந்தது. கேஸ் குழாய் வரை பாகு.
எறும்புகள் மூன்று நாள் ஒறம்பரை இருந்தன.
"கம்மங்கூழா கண்ணு?" என்று மோந்து பார்த்தார்
கீழ் வீட்டு ராஜாமணியக்கா.
"ஆமாங்க்கா."

கடைசியில் நிற்க வேண்டியது இருபது.
ஒரு மணி நேரக் கொதிப்பில் ஆவி தின்பது நாலு,
வாய் அகலமானால் ஐந்து.
கசடோடு அடியில் தங்குவது ஒன்றரை.
மிச்சம் நுரைக்கு.

"முப்பத்தஞ்சு போதுமுங்களே?"
ரூபிணி போனில் கத்துகிறாள்: நாப்பது எடுடீ,
தூக்கவா போறோம், அடியில குழாய் வெக்கச் சொல்லு.
"குழாய் வெச்சு டீக்கடைக்குத்தானுங்க கேப்பாங்க."
"இது பார்லிக் கஞ்சிங்க. இருபது லிட்டர்."
"அதுக்கு நாப்பதா?"
"பொங்குமுங்க."
"பொங்கட்டுமே கண்ணு. பொங்குனா நல்லதுதானே."

தை முதல் நாள்
வழிகிற திசை பார்த்துக் குலவையிடும் ஊரில்
வழியாமல் இருக்கக் காசு எண்ணுகிறேன்.

பேர் வெட்டுவது இலவசமாம்.
யார் பேர், எந்தத் தேதி, யார் நினைவாக?
பேர் வேண்டாங்க, உள்ளே புள்ளி வையுங்க,
அஞ்சு லிட்டருக்கு ஒண்ணு.
அவர் அளந்து ஊற்ற, நான் எண்ண,
உளி ஆறு முறை கொத்தியது.
முப்பதோடு போதுமென்றேன்.
மேலே வெறுமையாக விட அவருக்கு மனசில்லை.
விளிம்பை ஒட்டி ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டு
"சும்மாதானுங்" என்றார்.

ஆவி, கசடு, நுரை எல்லாம் அளந்தாயிற்று.
என் ஸ்கூட்டியில் கால் வைக்கும் இடத்தை மட்டும்
யாரும் அளக்கவில்லை.