தீயணைப்பான்: உண்டு

பதினான்கு லொறி, மூன்று வேன், ஒரு தண்ணி பவுசர்,
யாரும் ஏறாத பழைய ஜீப் ஒன்று.
எல்லாவற்றுக்கும் லைசன் முடியும் நாள்
எனக்கு மனப்பாடம்.
தம்பி மகளின் பிறந்தநாளைத்தான்
இந்த வருஷமும் மறந்துபோனேன்.

தலவாக்கலைப் பாலத்தடியில் பொலிஸ் நின்றால்
முதல் அழைப்பு எனக்கு வரும்.
"மிஸ், லைசன் கண்ணாடியில ஒட்டியிருக்கா?"
கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன்
பன்னிரண்டு மைலுக்கு அப்பால் இருக்கும் என்னைக் கேட்கிறான்.

மஞ்சள் கோப்பு காப்புறுதி.
நீலம் புகைச் சோதனை.
பச்சை, தகுதிச் சான்றிதழ்.
மூன்றும் கைகோத்து வந்தால்தான்
பிரதேச செயலகத்துக் கவுண்டரில்
ஒரு வருஷத்தைக் கிழித்துத் தருவார்கள்,
உள்ளங்கை அகலத்தில்.

நாற்பத்தேழு எழுபத்தொன்று மட்டும்
மார்கழி தோறும் என்னைப் பட்டினி போடும்.
ஹட்டனில் புகைக்குழாய்க்குள் கம்பியைச் செருகி
மிதி என்பார்கள்.
சவரிநாதன் மிதிப்பான்.
திரையில் கோடு மலை ஏறும், இறங்காது.
நிஹால் பாஸ் பம்பைக் கழற்றுவார், பூட்டுவார்,
கையைத் துடைத்துக்கொண்டு சொல்லுவார்:
"எஞ்சின் சரி மிஸ். மலைதான் உசரம் கூட."
அந்த வாக்கியத்தைப் போட்டு வைக்க
என்னிடம் கோப்பு இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு.

தகுதிப் பரிசோதனைக்கு
வண்டிக்கு ஒரு தீயணைப்பான் வேண்டும்.
எங்களிடம் ஒன்று இருந்தது.
மொத்தமாக ஒன்று.
காலையில் ஒரு லொறியில் ஏறிப் போகும்,
பகல் பஸ்ஸில் சாக்குக்குள் திரும்பி வரும்,
மறுநாள் அடுத்த லொறியில் புதுமாப்பிள்ளை மாதிரி
துடைத்த முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.
பரிசோதகர் ஒருமுறை அதன் தலையில் தட்டி
"இவரை எங்கேயோ கண்டிருக்கிறேனே" என்றார்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
பதினான்கு படிவத்திலும்
'உண்டு' என்று எழுதியது என் கை.
எழுத்து அழகு என்று மனேஜர் சொன்னதும் உண்டு.

ஐப்பசி மழை.
டெவன் வளைவு தாண்டி, பின்னால் கொழுந்து நிரம்ப,
நாற்பத்தேழு எழுபத்தொன்றின் டாஷ்போர்டுக்கு அடியில்
வயர் ஒன்று பற்றிக்கொண்டது.
சவரிநாதன் சீட்டுக்குப் பின்னால் கையை விட்டான்.
கொக்கி இருந்தது.
கொக்கியில் குடை தொங்கியது.

மழையில் ஊறிய கொழுந்துச் சாக்கு இரண்டை இழுத்து
நெருப்பின் மேல் போட்டு ஏறி மிதித்திருக்கிறான்.
அணைந்துவிட்டது.
அவனுடைய ஒரு பக்கத்துப் புருவம் போனது.

"நட்டம்: கொழுந்து, அறுபது கிலோ. அவ்வளவுதான்,
அறிக்கையை முடிங்க" என்றார் மனேஜர்.
எழுதினேன்.
அடுத்த வரியில் எழுதினேன்:
தீயணைப்பான் இருக்க வேண்டிய இடத்தில்
கறுப்புக் குடை, ஒன்று.
"குடை எதுக்கு இதுல?"
"இருந்ததைத்தானே எழுதணும், சேர்."
கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
பதினான்கு கேட்டிருந்தேன்.
ஐந்துக்குக் கையெழுத்து வைத்தார்.

ஐந்தும் வந்தன. பழையதோடு ஆறு.
ஆணியால் அவற்றின் வயிற்றில்
அந்தந்த லொறியின் இலக்கத்தைக் கீறினேன்.
இனி எதுவும் பஸ்ஸில் வராது.
மிச்சம் எட்டுப் படிவத்தில் 'இல்லை'.
எட்டு முறை. அதே அழகான எழுத்து.
அந்தக் கட்டம் இந்தச் சொல்லை
இதற்கு முன் கண்டதில்லை.
எட்டு லொறி ஷெட்டில் நிற்கின்றன.
கொழுந்து மலையில் நிற்கிறது.
தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது,
எடுப்பேன், கொஞ்சம் பொறுத்து.

சவரிநாதன் வாசலில் வந்து நின்றான்,
தலையில் ஷொப்பிங் பேக்கைக் கவிழ்த்துக்கொண்டு.
"மிஸ், என் குடை..."
கோப்போடு சேர்த்துக் கட்டிவிட்டேன் என்றேன்.
இலக்கமும் போட்டாயிற்று.
கதவுக்குப் பின்னால் தொங்கிய என்னுடையதைக் கொடுத்தேன்.
பூப்போட்டது.
விரித்துப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை,
மழைக்குள் இறங்கிப் போனான்.