மேசைக்கு அடியில்

டண்டினோங்கில் யூன் மாதக் கடைசிச் சனி.
நிதியாண்டு முடிகிறதாம்,
கிடங்கைக் காலி செய்கிறார்களாம்.
"அறுபது வீதம் தள்ளுபடி" என்றான் துவாரகன்
வானை நிறுத்தும்போதே.

அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பழக்கம்.
தொலைபேசியில் மொழிபெயர்ப்பாளர் ஒருத்தி
தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னாள் ஒருமுறை:
"உங்கள் மனு தள்ளுபடி, ஐயா."
எத்தனை வீதம் என்று கேட்கத் தோன்றவில்லை.

வேண்டியது ஒரு சாப்பாட்டு மேசை, நாலு கதிரை.
இத்தனை வருடமும் கோப்பையை
மடியில் வைத்தே தின்றாயிற்று.

கோழித் தொழிற்சாலையில்
கொக்கியில் தொங்கிப் போகும் ஒவ்வொன்றிலும்
குறை பார்ப்பது என் வேலை.
தோலின் மினுக்கத்தை நம்பாதே, மூட்டைப் பார்
என்று கண் படித்து வைத்திருக்கிறது.
ஆகவே விலைச்சீட்டை வாசிக்காமல்
நிலத்தில் மல்லாந்து
முதல் மேசைக்கு அடியில் நுழைந்தேன்.

மேலே தேக்கு.
கீழே மரத்தூள், பசை,
தேக்கைப் பிடித்த ஒரு புகைப்படம்.
விளிம்பை நகத்தால் சுரண்டினால்
படம் உரிந்து கையோடு வருகிறது.
காலைப் பலகையோடு சேர்த்துப் பிடித்திருப்பவை
கடதாசி அடிக்கிற கம்பி மாதிரி நாலு கம்பிகள்.
கோபத்தில் ஒருவன் ஒருதரம் குத்தினால் போதும்.

பக்கத்தில் சோபா.
முன்கால் ஒன்றை ஒரு சாண் தூக்கினேன்.
சட்டம் நல்லதென்றால்
மற்றக் காலும் கூடவே எழும்பும்.
அது எழும்பவில்லை.
இவனை எனக்குத் தெரியாது என்பதுபோல
நிலத்திலேயே நின்றது.
"உடைச்சுப் போடாதையண்ணை!"
உடையுமா என்று பார்க்கத்தானேடா வந்தோம்.

அலுமாரியின் லாச்சியை முழுதாக இழுத்தேன்.
மூலையில் பல்லோடு பல் கோக்கவில்லை.
அடித்தட்டு, சப்பாத்துப் பெட்டியின் மட்டை.
மூக்கில் ஏறியது பசையின் நெடி.

கடைசி மூலையில், கழிவறைக்குப் போகும் வழியில்,
ஒரு மேசை முகத்தைச் சுவருக்குக் கொடுத்து நின்றது.
"அது வேண்டாம் சேர், காயம் பட்டது" என்றான் விற்பனையாள்.
சட்டையில் பெயர்: இஷாக் அலி.
அவனுடைய ஆங்கிலமும்
என்னுடையதைப் போலத் தண்ணீரில் வந்தது.

உண்மைதான். குறுக்கே ஒரு முழ நீளக் கீறல்,
எந்தப் பாரந்தூக்கி இழுத்ததோ.
நான் அடியில் போனேன்.
மரம், உள்ளேயும் மரம்.
நாலு மூலைக்கும் நாலு முட்டுக்கட்டை,
திருகாணி தலை வரைக்கும் இறங்கியிருந்தது.
விரலால் தட்டினேன்,
கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது.

கழுத்துப்பட்டியைத் தோளில் எறிந்துவிட்டு
இஷாக் அலியும் வந்து பக்கத்தில் படுத்தான்.
இரண்டு பேரும் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
"எந்த வருடம்?" என்றான்.
"இரண்டாயிரத்துப் பன்னிரண்டு."
"நான் அதற்கு முந்தினது."
மேசையைப் பற்றி இருவரும் ஒன்றும் பேசவில்லை.

பணம் கட்டுமிடத்தில்
கணினி அவனைக் கேட்கச் சொன்னதாம்:
"பத்து வருட உத்தரவாதம்,
கூடுதலாக நூற்றி இருபது டொலர், வேண்டுமா?"
என் கையில் இருக்கிற விசா ஆறு மாதத்துக்கு.
நான் வாயைத் திறக்குமுன்
தானே ஒரு பொத்தானை அழுத்தினான்.
கீறலுக்கென்று இன்னும் நாற்பது குறைத்தான்,
கேட்காமலே.

இரண்டாம் மாடிப் படித்திருப்பத்தில்
கால்களைக் கழற்றவேண்டி வந்தது.
துவாரகன் ஒரு திருகாணியைத் தொலைத்தான்,
பிறகு தன் சட்டைப் பையிலேயே கண்டெடுத்தான்.

பூட்டி நிமிர்த்தினால், ஆடுகிறது.
குனிந்து பார்த்தேன்.
மேசையில் பிழையில்லை,
இந்த வீட்டு நிலம்தான் சரிவு.
கடையின் விளம்பரத் தாளை நாலாய் மடித்து
ஒரு காலுக்கு அடியில் வைத்தேன்.

துவாரகன் சோறு போட்டான்.
கதிரையில் இருக்குமுன்
இரண்டு கையாலும் ஒருதரம் தள்ளிப் பார்த்தேன்.
பிறகு இன்னொருதரம்,
கொஞ்சம் பலமாக.